பந்து திரும்பாத நாளில் அவர் என்ன செய்வார்?

கடந்த மாதம் பொரளை பி. சரா ஓவல் மைதானத்தில் நடந்த மூன்று நாள் கழகப் போட்டி ஒன்றின் இறுதி நாளில், விருந்தினர் அணிக்காக ஆடிய 21 வயது இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். மறுநாள் பத்திரிகையில் அது இரண்டு வரிச் செய்தியாக வந்தது, அதைப் படித்த நண்பர் ஒருவர், "இவரை ஏன் இன்னும் டெஸ்ட் குழாமில் சேர்க்கவில்லை?" என்று என்னிடம் கேட்டார். இரண்டு பருவங்களாக அவருடைய பந்துவீச்சைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல இயலவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் கழகத்தின் பெயரையும் இங்கே தவிர்த்துக்கொள்கிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் இளைஞரின் குறைகளைப் பெயர் சொல்லிப் பொதுவில் அடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அன்று என்னுடன் என் தாய்மாமனும் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பயிற்சியளித்தவர். இப்போது வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். ஆறாவது விக்கெட் விழுந்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தபடி, "விக்கெட் விழுந்த பந்தை விடு தம்பி, அதுக்கு முதல் போட்ட மூண்டு பந்தையும் சொல்லு பாப்பம்," என்றார். என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் ஆடுகளத்தை ஒரு நீள்சதுரமாக வரைந்து, ஒவ்வொரு பந்தும் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பேன். துடுப்பாட்டவீரர் ஏமாந்த பந்துக்குப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவேன். கொப்பியைப் பார்த்து அவருக்குப் பதில் சொன்னேன்: அதற்கு முந்திய மூன்று பந்துகளில் ஒன்று கால் பக்கம் குறைந்த நீளத்தில், அதாவது துடுப்பாட்டவீரருக்கு வெகு முன்னாலேயே விழுந்து நான்கு ஓட்டங்களுக்குப் போயிருந்தது, மற்றொன்று முழு நீளத்தில், அவருடைய காலடிக்கு அருகே விழுந்து மிட் ஓன் திசையில் எளிதாகத் தட்டப்பட்டிருந்தது, மூன்றாவது மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. விக்கெட் எடுத்த பந்தோ, மூன்றாம் நாள் ஆடுகளத்தின் வெடிப்பு ஒன்றில் விழுந்து, எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு திரும்பிய பந்து.

நம் நாட்டுக் கழகப் போட்டிகளில் சுழற்பந்து வீச்சாளர்களின் விக்கெட் எண்ணிக்கையை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று நாட்களுக்குள் முடிவு வர வேண்டும் என்பதற்காகப் பல மைதானங்களில் முதல் நாளிலிருந்தே பந்து திரும்பும் ஆடுகளங்கள் தயாரிக்கப்படுகின்றன. முதல்தரப் போட்டிகளில் ஆயிரம் விக்கெட் என்ற எல்லையைத் தொட்ட தினுக ஹெட்டியாரச்சி, 2001இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. (சிங்கள விளையாட்டுக் கழக) மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய ஒரேயொரு டெஸ்ட் போட்டியோடு நின்றுவிட்டார். மலிந்த புஷ்பகுமார 800க்கும் மேற்பட்ட முதல்தர விக்கெட்டுகளை எடுத்தவர்; 2019 ஜனவரியில் மொறட்டுவையில் கொழும்பு கிரிக்கெட் கழகத்துக்காக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் 37 ஓட்டங்களுக்கு வீழ்த்தியவர். அவருக்குக் கிடைத்தவை 4 டெஸ்ட் போட்டிகள் மட்டுமே. இருவருமே இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்கள், இருவருமே திறமைசாலிகள். முரளிதரனும் ரங்கன ஹேரத்தும் ஆண்ட காலத்தில் ஏனையோருக்கு இடம் குறைவாக இருந்தது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் கழக விக்கெட்டுகளின் தொகை டெஸ்ட் வாசலைத் தானாகத் திறந்துவிடுவதில்லை என்பதை அவர்களுடைய கணக்கு காட்டுகிறது.

டெஸ்ட் போட்டி ஒரு சுழற்பந்து வீச்சாளரிடம் கேட்கும் கேள்வி வேறு. கொழும்பு கெத்தாராமையில், அதாவது ஆர். பிரேமதாச மைதானத்தில், 1997 ஓகஸ்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் நிலேஷ் குல்கர்னி, டெஸ்ட் வாழ்வின் முதல் பந்திலேயே மார்வன் அத்தபத்துவை ஆட்டமிழக்கச் செய்தார். அதன் பிறகு சனத் ஜயசூரியவும் ரொஷான் மஹாநாமவும் 576 ஓட்டங்கள் சேர்த்தனர், இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு 952 ஓட்டங்களைக் குவித்தது, குல்கர்னி 70 ஓவர்கள் வீசி 195 ஓட்டங்களைக் கொடுத்தும் அந்த ஒரு விக்கெட்டோடு திரும்பினார். அவர் மோசமான பந்துவீச்சாளர் அல்லர். பந்து திரும்பாத ஆடுகளத்தில், ஆட்டமிழக்க மறுக்கும் இருவருக்கு எதிராக, 20 ஓவர்களுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. இளம் சுழற்பந்து வீச்சாளர் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 70 ஓவர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. இவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் 40ஆவது ஓவரில் எதை மாற்றியிருப்பார் என்று யோசிப்பேன்.

அதற்கான விடையைத் தேடும்போது முதலில் கவனிக்க வேண்டியது விரல்களை. பந்தைப் பக்கவாட்டில் உருட்டி விடுகிறவருக்கும் மேலிருந்து கீழாக முறுக்கி விடுகிறவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாமவருடைய பந்து திரும்பும், ஆனால் எழும்பாது. இரண்டாமவருடைய பந்து காற்றில் திடீரென்று கீழிறங்கி, விழுந்த பின் எழும்பும். பந்து நன்கு திரும்பும் காலி மைதானத்தில் முதல் வகை போதும். பந்து குறைவாகவே திரும்பும் அவுஸ்திரேலிய ஆடுகளங்களில் இரண்டாவது வகை இல்லாமல் காலம் தள்ள முடியாது. டெஸ்ட் போட்டிகளில் இங்கே பயன்படுத்தப்படும் குக்கபுரா பந்தின் தையல் சில ஓவர்களிலேயே தட்டையாகிவிடும். அதன் பிறகு தையலின் உதவி குறைந்து, விரல் கொடுக்கும் முறுக்கு மட்டுமே மிஞ்சும். நமது இளைஞர் நன்றாக முறுக்குகிறார். தேநீர் இடைவேளையில் எல்லைக்கோட்டு ஓரமாக நடந்து வந்தபோது அவருடைய இடது சுட்டுவிரலைப் பக்கத்தில் பார்த்தேன். முதல் மடிப்புக்கு மேல் தோல் தடித்து, நடுவே பிளந்து, பிளவின் மேல் ஒட்டுநாடாவின் பசை கறுப்பாகப் படிந்திருந்தது. பந்து வீசும்போது நாடாவைக் கழற்றிவிட வேண்டும் என்பதால் ஒவ்வொரு பந்துவீச்சு வேளைக்குப் பிறகும் அதைப் புதிதாகச் சுற்றிக்கொள்கிறார். பந்தைச் சும்மா தள்ளிவிடுகிறவரின் விரல் அப்படி ஆகாது.

ஆனால் அவருடைய முறுக்கில் பெரும்பகுதி பக்கவாட்டு முறுக்கு. வலதுகைத் துடுப்பாட்டவீரரை நோக்கிப் பந்து காற்றில் சற்று உள்ளே நகர்ந்து, விழுந்த பின் வெளியே திரும்புகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கீழிறக்கம்தான் போதவில்லை. பி. சரா மைதானம் கொழும்பிலேயே பந்து நன்கு எழும்பும் இடம் என்று பெயர் எடுத்தது. அங்கேயே அவருடைய பந்து துடுப்பின் கைப்பிடிக்கு அருகே சென்றது ஓரிரு முறைதான், துடுப்பாட்டவீரருக்கு மிக அருகே ஷோர்ட் லெக்கில் நின்றவருக்கு அன்று முழுவதும் ஒரு பிடியும் வரவில்லை.

அடுத்தது நீளம். இந்த விடயத்தில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு: சுழற்பந்து வீச்சாளரின் தரத்தை அவருடைய மிகச் சிறந்த பந்தைவிட மிக மோசமான பந்தே துல்லியமாகக் காட்டும். டெஸ்ட் துடுப்பாட்டவீரர் ஓவருக்கு ஒரு தவறான பந்துக்காகக் காத்திருப்பார். அது கிடைத்தால் மற்ற ஐந்து பந்துகளின் அழுத்தமும் கரைந்துவிடும். அன்று மதிய உணவுக்குப் பிறகு அவர் வீசிய ஓர் ஓவரை அப்படியே எழுதுகிறேன். முதல் பந்து ஓஃப் ஸ்டம்பின் மேல், நல்ல நீளம், தடுப்பு. இரண்டாவதும் அதே இடம், சற்று மெதுவாக. துடுப்பாட்டவீரர் முன்காலை நீட்டிப் பின் இழுத்துக்கொண்டார். மூன்றாவது பந்து இன்னும் வெளியே, இன்னும் மெதுவாக. துடுப்பைத் தாண்டிச் சென்றது. அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று விக்கெட் காப்பாளரும் ஸ்லிப்பில் நின்றவரும் குனிந்து காத்திருந்த அந்தக் கணத்தில், அவர் அவசரப்பட்டார். நான்காவது பந்து வேகமாக, குறைந்த நீளத்தில் விழுந்தது. பின்காலில் சென்று வெட்டி நான்கு ஓட்டங்கள். ஐந்தாவது அதைச் சரிசெய்ய முயன்று முழு நீளமாகப் போனது, ஒரு ஓட்டம். ஆறாவது மறுபடியும் நல்ல பந்து. மூன்று பந்துகளில் பொறியை அழகாக அமைத்துவிட்டு நான்காவதில் தானே அதைக் கலைத்துவிட்டார். கொப்பியில் இப்படிப்பட்ட ஓவர்கள் பல இருக்கின்றன; கடந்த பருவத்தைவிட இந்தப் பருவத்தில் அவை குறைந்துள்ளன என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பாமல் நேராக உள்ளே வரும் பந்து, அதாவது ஆர்ம் பால், அவரிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து. விக்கெட்டின் இடப்புறமிருந்து வீசுகையில் கோணத்தோடு உள்ளே வந்து கால்காப்பில் படும் இந்தப் பந்தின் மதிப்பு, நடுவர் தீர்ப்பு மீளாய்வு முறை வந்த பிறகு பல மடங்கு உயர்ந்துவிட்டது. முன்பு முன்காலை நீட்டித் துடுப்பைக் கால்காப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தப்பியவர்கள் இன்று அப்படித் தப்ப முடியாது. கழகப் போட்டிகளில் அந்த மீளாய்வு வசதி இல்லை. அன்று இரண்டு தடவை நடுவர் விரலை உயர்த்த மறுத்தவை டெஸ்ட் போட்டியில் ஆட்டமிழப்பாக மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அவருடைய ஆறு விக்கெட்டுகளில் அதிர்ஷ்டத்தால் வந்தவற்றைக் கழிக்கும்போது, கிடைக்காமல் போன இந்த இரண்டையும் கூட்டிக்கொள்வதே நியாயம். வேகமான பந்தை வீசும்போது முழங்கை விதி அனுமதிக்கும் 15 பாகைக்கு மேல் விரிகிறதா என்பதையும் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். தரிந்து கௌஷல், அகில தனஞ்சய ஆகியோர் பந்துவீச்சுப் பாணி காரணமாகத் தடைகளைச் சந்தித்த பிறகு, இதை நேரத்தோடு கவனிப்பது அவசியமாகிவிட்டது. வெறுங்கண்ணுக்கு எட்டியவரை அவருடைய கை சுத்தமாக இருக்கிறது.

புதுமையான பந்து ஒன்று இருந்தாலே போதும் என்று எண்ணுகிறவர்களுக்கு அஜந்த மெண்டிஸை நினைவூட்ட விரும்புகிறேன். 2008இல் கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள், அதைத் தொடர்ந்த மூன்று டெஸ்ட் தொடரில் 26 விக்கெட்டுகள். அந்த மாதங்களில் கொழும்பில் நாம் அடைந்த மகிழ்ச்சி இன்றும் எனக்குள் இருக்கிறது. காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்த துடுப்பாட்டவீரர்கள் அவருடைய விரல்களைப் படிக்கத் தொடங்கியதும் அந்த மாயம் மெல்ல வடிந்தது. 19 டெஸ்ட் போட்டிகளில் 70 விக்கெட்டுகளோடு அவருடைய டெஸ்ட் பயணம் முடிந்தது. ஹேரத் அப்படியொரு மாயப் பந்தை நம்பி இருக்கவில்லை. அவரிடம் இருந்தது வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் கலை, பந்துவீச்சுக் கோட்டின் அகலத்தைப் பயன்படுத்தும் நுணுக்கம், அடிபட்ட பின்னும் அதே நீளத்துக்குத் திரும்பி வரும் மனம். 93 டெஸ்ட் போட்டிகளில் 433 விக்கெட்டுகளை அவர் எடுத்தார். அவற்றில் பெரும்பகுதி முரளிதரன் 2010இல் ஓய்வு பெற்ற பிறகு, அதாவது ஹேரத்துக்கு 32 வயது நிறைந்த பிறகு வந்தது. 1999இல் அறிமுகமானவர் அதுவரை வாய்ப்புகளுக்கு இடையில் காத்திருந்தார். 2009இல் இங்கிலாந்தில் லீக் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டு வந்து, காலியில் பாகிஸ்தானை 117 ஓட்டங்களுக்குச் சுருட்டிய அந்த இன்னிங்ஸில் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தாரே, அது அந்தக் காத்திருப்பில் பழுத்த பந்துவீச்சு.

அவசரமாகத் தெரிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வதற்கு அண்மைக்கால வரலாறும் காரணம். லசித் எம்புல்தெனிய 2019இல் டர்பனில் அறிமுகப் போட்டியிலேயே ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். 2021 ஜனவரியில் காலியில் இங்கிலாந்தின் ஏழு பேரை ஒரே இன்னிங்ஸில் வீழ்த்தினார். பிரவீன் ஜயவிக்ரம அதே ஆண்டு பல்லேகலையில் பங்களாதேஷுக்கு எதிரான தன் முதல் டெஸ்ட் போட்டியில் 178 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள் சாய்த்தபோது அவருக்கு வயது 22. இருவராலும் இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை. 2022 ஜூலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான காலி டெஸ்ட் போட்டிக்கு எம்புல்தெனிய நீக்கப்பட்டு, பிரவீனுக்குக் கொவிட் தொற்று ஏற்பட்ட நிலையில், 30 வயது பிரபாத் ஜயசூரிய உள்ளே வந்தார். இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு விக்கெட்டுகள். ஏழாவது டெஸ்ட் போட்டியிலேயே 50 விக்கெட்டுகளை எட்டினார். ஆண்டுக்கணக்காகக் கழக மைதானங்களில் வீசி வீசி, எந்தப் பந்தை எப்போது வீசக் கூடாது என்று கற்றுக்கொண்ட பிறகே அவர் அங்கே வந்து சேர்ந்தார். வாய்ப்பு தற்செயலாக வந்ததுதான். அன்று அவர் ஆயத்தமாக இருந்ததில் தற்செயல் எதுவும் இல்லை.

நமது இளைஞருக்கு முன்னால் நிற்கும் வரிசையும் சிறியதல்ல. பிரபாத் ஒருபுறம், துனித் வெல்லாலகே மறுபுறம். 2023 செப்டெம்பரில் கெத்தாராமையில் இந்தியாவுக்கு எதிராக 40 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்த வெல்லாலகே, அதே போட்டியில் ஆட்டமிழக்காமல் 42 ஓட்டங்களும் பெற்றார். இன்றைய தெரிவுக்குழு ஒரே தரத்தில் இரண்டு பந்துவீச்சாளர்களைக் கண்டால் துடுப்பெடுத்தாடத் தெரிந்தவரையே எடுக்கும். நமது இளைஞர் பதினோராவது வீரராக இறங்குகிறார். களத்தடுப்பில் கை சுத்தம், கால் மந்தம். இது ஒரு வருடப் பயிற்சியில் சரிசெய்யக்கூடிய குறை. பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வலைப்பயிற்சிக்கு வருகிற ஒருவருக்கு அந்த ஒரு வருடத்தை யார் கொடுப்பது என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் கேள்வி. வலைப்பயிற்சியில் கூட அவரைத் துடுப்பாட்டவீரர்களுக்குப் பந்து வீசவே பயன்படுத்துகிறார்கள். துடுப்பைக் கையில் எடுக்க அவருக்குக் கிடைப்பது இருட்டத் தொடங்கிய பிறகு எஞ்சும் சில நிமிடங்கள்தான்.

ஆக, நண்பரின் கேள்விக்கு என் பதில் இது. இந்த ஆண்டு அவரை டெஸ்ட் குழாமில் சேர்க்கக் கூடாது. தேசியச் சுப்பர் லீக்கின் நான்கு நாள் போட்டிகளில் முழுப் பருவம் ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு இலங்கை 'ஏ' அணியோடு, பந்து எழும்பும் நாடு ஒன்றுக்குச் சுற்றுப்பயணம் அனுப்ப வேண்டும். அங்கே மேல் முறுக்கைக் கற்றுக்கொண்டு, நான்காவது பந்தில் அவசரப்படும் பழக்கத்தையும் விட்டாரானால், 25 அல்லது 26 வயதில் அவர் டெஸ்ட் அணியில் இருப்பார், நீண்ட காலம் இருப்பார் என்று நம்புகிறேன். விரலின் முறுக்கும் ஆர்ம் பாலும் கற்றுக்கொடுத்து வருபவை அல்ல. அவை இரண்டும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போதே இழுத்துக்கொண்டு போய்க் காலியில் நான்கு விக்கெட் எடுக்க வைத்து, அடுத்த தொடரில் தட்டையான ஆடுகளத்தில் அடிவாங்க வைத்து, பிறகு மறந்துவிடுவோமானால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

போட்டி முடிந்து பொரளைச் சந்திவரை நடந்து வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மாமா என் கொப்பியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஆறு விக்கெட்டுகள் விழுந்த பக்கத்தில் அவர் நிற்கவில்லை. காலையில் பந்து புதிதாக, ஆடுகளம் ஈரமாக, எதுவுமே நடக்காமல் அந்த இளைஞர் தொடர்ந்து ஒன்பது ஓவர்கள் வீசிய பக்கத்தை எடுத்துப் புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினார். அந்த ஒன்பது ஓவர்களில் புள்ளிகள் மற்ற எந்தப் பக்கத்தையும்விட நெருக்கமாக இருந்தன. அதை நான் அதுவரை கவனிக்கவில்லை.

"பொடியனுக்கு விக்கெட் விழேக்கைதான் அவசரம் வருது," என்றார் மாமா. "விழாத நேரம் நல்லாய்த்தான் போட்டிருக்கிறான். அடுத்த மாசம் எஸ்.எஸ்.சி.யிலை விளையாடுகினமெல்லே? அங்கை பந்து திரும்பாது. வெள்ளனவே வந்து இருந்து பாப்பம்."